கூரைக்குக் கீழேயும் ஒருக்கால் பாருங்கள்: மட்டக்களப்பு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவர் அவர்களுக்கும், அரசாங்க அதிபர் அவர்களுக்கும், குழுவில் அமர்ந்திருக்கும் ஐயாமார் அம்மாமார் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் ஏறாவூர்ப்பற்றைச் சேர்ந்தவள். பதினான்கு வருடமாக கார்மெண்டில் மெஷின் ஒப்பரேட்டர். முதல் மூன்று வருடம் கட்டுநாயக்காவில் போர்டிங்கில் கிடந்தேன், மறுகா அம்மாவுக்கு ஏலாமல் போக ஊரோடு வந்துவிட்டேன். எங்கள் தொழிற்சாலையின் பெயரை இதில் எழுதவில்லை. நாளைக் காலையும் ஐந்தே முக்காலுக்கு அதே பஸ்ஸில்தான் நான் ஏறவேண்டும். பெயரைத் தேடிப் பிடித்து நீங்கள் யாரையும் கூப்பிட்டு ஏசவும் வேண்டாம். பசுமை என்று சொல்லி எங்கள் தொழிற்சாலையில் செய்த மாற்றங்கள் வேலை செய்கிற எங்களை என்ன செய்தன என்று சொல்லி, இனி வரப்போகிற தொழிற்சாலைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு மோட்டார் கதை.

முன்பு எங்கள் மெஷின்களில் கிளட்ச் மோட்டார் இருந்தது. காலையில் சுவிட்சைப் போட்டால் பின்னேரம் வரைக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும். தைத்தாலும் சுற்றும், நூல் கோர்த்துக்கொண்டிருந்தாலும் சுற்றும், கன்டீனுக்குப் போய் வந்தாலும் சுற்றும். முழங்காலுக்குப் பக்கத்தில் அனல் அடிக்கும். ஒரு ஹோலில் இருநூறு மோட்டார் ஒன்றாய் இரைந்தால், பக்கத்தில் இருப்பவளிடம் கத்தரிக்கோல் கேட்கவும் கத்தத்தான் வேண்டும். அதையெல்லாம் கழற்றிவிட்டு சேர்வோ மோட்டார் பூட்டினார்கள். மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கரண்ட் செலவு நன்றாகக் குறையும் என்றார்கள். அது உண்மைதான், சும்மா சுற்றுகிற மோட்டாருக்கு யார்தான் காசு கட்டுவார்? முதல் நாள் லைனில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. அதுவரைக்கும் அந்த ஃபேனுக்குச் சத்தம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. "கோயிலுக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்குகா" என்றா அடுத்த மெஷின் அக்கா.

மூன்றாம் கிழமை ஸ்டொப்வோட்சோடு வந்தார்கள். புது மோட்டார் ஊசியைச் சரியான இடத்தில் நிறுத்துகிறது, நூலையும் தானே வெட்டுகிறது, ஆகவே ஒரு பீஸுக்கு இத்தனை செக்கன் மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். கொலர் பூட்டுகிற எனக்கு மணித்தியாலத்துக்கு 60 என்று இருந்த டார்கெட் 72 ஆனது. கரண்ட் பில்லில் மிஞ்சிய காசு எந்தக் கணக்கில் ஏறியதோ தெரியாது. செக்கனில் மிஞ்சியது என் வலது தோளில் ஏறியது, அது எனக்கு இரவில் தெரிகிறது. நான் படுப்பது இப்போது இடப்பக்கம் மட்டும்தான்.

அந்த மோட்டாரைத் திரும்பக் கழற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. கழற்ற யாரும் வந்தால் நானே குறுக்கே நிற்பேன். டார்கெட்டைக் கூட்டுவதற்கு முன் எங்களோடு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், மிஞ்சியதில் ஒரு பங்கைச் சம்பளத்தில் காட்டியிருக்கலாம் என்பதுதான் என் வழக்கு.

இப்போது கூரைக்கு வருகிறேன். கூரை முழுக்க சோலர் தகடு. மினிட்ஸில் எழுத அழகாக இருக்கும், நானும் பெருமைப்பட்டேன். ஆனால் எங்கள் பக்கம் கடல் உப்பும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் புழுதியும், வருடம் முழுக்கக் காகத்தின் எச்சமும் அந்தக் கண்ணாடியில் படியும். கழுவாவிட்டால் மின்சாரம் குறைந்துபோகும். வெயில் ஏறினால் தகடு கொதிக்கும், கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கவும் கூடும். அதனால் விடியப்புறமே பெடியன்மாரை ஏற்றுவார்கள். அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, மேன்பவர் ஆட்கள், அதாவது கூலிக்கு ஆள் பிடித்து அனுப்புகிற இடத்து ஆட்கள். அன்றன்றைக்குக் காசு. வாளி, துடைப்பம், பைப். இடுப்பில் பெல்ட் கட்டி நான் கண்டதில்லை. ஒருநாள், உள்ளே வெளிச்சம் வர இடையிடையே போட்டிருந்த ஃபைபர் சீட்டில் ஒருவன் காலை வைத்துவிட்டான். கட்டிங் செக்ஷன் மேசை மேல் விழுந்தான். துணி அடுக்கி இருந்தபடியால் உயிர் தப்பியது, கை முறிந்தது. பத்தொன்பது வயது. அவனுடைய தாய் மூன்று நாள் வந்தா. தொழிற்சாலை மேன்பவர்காரரைக் காட்டியது, மேன்பவர்காரர் தொழிற்சாலையைக் காட்டினார். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இந்த நாட்டில் 1934 இல் இருந்து இருக்கிறது. எந்த கேட்டில் அந்தத் தாளை நீட்டுவது என்றுதான் அந்த மனுசிக்குத் தெரியவில்லை. நாலாம் நாள் அவ வரவில்லை.

பொயிலர் கதை இன்னும் விசேஷம். ஃபர்னஸ் ஒயிலில் ஓடிக்கொண்டிருந்ததை விறகுக்கு மாற்றினார்கள். கிளிசிரிடியா மரம், அதுதான் எங்கள் வேலிகளில் நிற்கிற சீமைக்கிளுவை. 2005 இல் அரசாங்கமே அதைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று அறிவித்தது. வெட்ட வெட்டத் துளிர்க்கும், மண்ணுக்கும் நல்லது. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கத்துச் சனம் வேலிக் கதியாலை வெட்டி விற்றுக் கைச்செலவு பார்க்க வழி பிறக்கும் என்று நினைத்தேன். கொஞ்சப் பேருக்குப் பிறந்தது. லொறியில் வருகிற மற்ற விறகெல்லாம் வேலியில் வளர்ந்ததா காட்டில் வளர்ந்ததா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டிய இடம் உங்கள் மேசை.

ஒயில் காலத்தில் அந்தப் பொயிலருக்கு ஷிஃப்டுக்கு இரண்டு பேர். விறகுக்கு மாறின பிறகு எட்டுப் பேர்: வெட்ட, பிளக்க, காய வைக்க, அள்ளிப் போட, சாம்பல் வார. பசுமை மாற்றத்தால் புதிய வேலைவாய்ப்பு ஆறு என்று ஏதாவது அறிக்கையில் வந்திருக்கும். உண்மைதான், ஆறு பேர் கூடினார்கள். ஆறு பேருக்கும் நாள் கூலி. ஈ.பி.எஃப் என்கிற சேமலாப நிதி இல்லை, ஈ.ரி.எஃப் என்கிற நம்பிக்கை நிதி இல்லை, லீவு இல்லை. மார்கழி மழையில் விறகு ஈரமாக இருக்கும்போது புகையை விழுங்குகிறவர்களும் அவர்கள்தான். எங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, கம்பனி 12 வீதம் போட்டு ஈ.பி.எஃப் கட்டவேண்டும் என்ற சட்டம் 1958 இல் வந்தது. அறுபது வருடத்துக்கு முந்திய சட்டம் எட்டாத வேலையைப் புதிய காலத்து வேலை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

நடுவில் ஒருநாள், பசுமைச் சான்றிதழுக்காகத் தொழிற்சாலையைச் சோதிக்க ஓடிட்காரர்கள் வந்தார்கள். லக்ஸ் மீட்டரை என் ஊசி நுனியில் பிடித்து வெளிச்சம் அளந்தார்கள். தண்ணீர் மீட்டரைப் படம் எடுத்தார்கள். ஒரு வெள்ளைச் சட்டைத் தம்பி என்னிடம் வந்து, துணித்துண்டை எந்த வாளிக்குள் போடவேண்டும், பொலித்தீனை எந்த வாளிக்குள் போடவேண்டும் என்று கேட்டார். இரண்டும் சரியாகச் சொன்னேன். முதல் நாள் பாடமாக்கித் தந்திருந்தார்கள். அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார். தோளைப் பற்றி அவர் கேட்கவில்லை, ஃபோமில் அதற்கு இடம் இருந்திராது. இப்போது அந்தச் சான்றிதழ் ஃப்ரேம் போட்டு கேட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இது ஏதோ எங்கள் மாவட்டத்தில் நல்லதே நடக்காத மாதிரி வாசிக்கப்படக் கூடாது. நிகர பூச்சிய காபன் (வெளிவிடுகிற கரிவாயுவைக் குறைத்து, மிச்சத்தை ஈடுசெய்து பூச்சியமாக்குவது) என்று உலகத்திலேயே முதன்முதல் சான்றிதழ் பெற்ற ஆடைத் தொழிற்சாலை மட்டக்களப்பில்தான் இருக்கிறது: பிராண்டிக்ஸ் கம்பனியின் தொழிற்சாலை, 2019 இல். நான் அங்கே வேலை செய்தவள் இல்லை, நான் சொல்கிற குறைகளும் அங்கத்தையவை இல்லை. அந்தச் செய்தியைக் கேட்டபோது எங்கள் லைனில் பாதிப் பேர் தங்கள் பெயர் பேப்பரில் வந்த மாதிரிச் சிரித்தார்கள். இந்த மாவட்டத்துப் பிள்ளைகளின் கை எதையும் செய்யும் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. அதனால்தான் துணிந்து கேட்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். புன்னைக்குடாவில் துணி உற்பத்திக்கென்று ஒதுக்கிய வலயத்துக்கு ஆலைகள் வரும் என்கிறீர்கள். 2030 இல் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியில் எடுப்பதாக அரசாங்கம் சொல்கிறது, அதற்கு எங்கள் பக்கத்து வெயிலும் தரிசு நிலமும் தேவைப்படும். காணி, தண்ணீர், பாதை என்று எல்லாம் ஏதோ ஒரு நாள் உங்கள் கூட்டத்துக்கு வரும். அந்த நாளில், சூழல் நிபந்தனைகளுக்குப் பக்கத்தில், வேலையின் தரத்தையும் ஒரு நிபந்தனையாக எழுதுங்கள். விறகு அள்ளுவதும் தகடு கழுவுவதும் கழிவு நீரைச் சுத்திகரிப்பதும் அந்தத் தொழிற்சாலையின் நிரந்தர வேலை, மேன்பவருக்குக் கைமாற்றக் கூடாது என்று எழுதுங்கள். கூரையில் ஏறுகிறவனின் பெல்ட்டையும் அதே தாளில் எழுதுங்கள்.

நிபந்தனை போட்டால் முதலீட்டாளர் வேறு நாட்டுக்கு ஓடிவிடுவார் என்று ஒருவர் எழும்பிச் சொல்வார். 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு அமெரிக்கா 44 வீத வரி என்று அறிவித்தபோது எங்கள் லைனிலும் எல்லோரும் பயந்துதான் இருந்தோம். பிறகு அது 20 வீதத்துக்கு இறங்கியது, ஆனால் பயம் முழுதாகப் போகவில்லை. ஆகவே அந்தப் பேச்சை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இல்லாமல் ஒரு சாய ஆலை நடத்த முடியாது, 1980 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அது கட்டாயம். அதை எடுக்கிறார்கள், புதுப்பிக்கிறார்கள், அதனால் யாரும் ஓடவில்லை. ஜீ.எஸ்.பி பிளஸ் என்று ஐரோப்பா தருகிற வரிச் சலுகை 2010 இல் பறிபோய் 2017 இல் திரும்பக் கிடைத்ததே, அதற்குக் கட்டுப்பட வேண்டிய சர்வதேச உடன்படிக்கைகள் 27. அதில் சூழலும் இருக்கிறது, தொழிலாளர் உரிமையும் இருக்கிறது, எல்லாம் ஒரே பட்டியல். எங்கள் ஊருக்கு வரும்போது மட்டும் அந்தப் பட்டியல் எப்படியோ பாதியாகக் கிழிந்து வருகிறது.

பரிஸ் உடன்படிக்கையின் முன்னுரையிலும் தொழிலாளருக்கு நீதியான நிலைமாற்றம், கண்ணியமான வேலை என்று எழுதியிருக்கிறது. இலங்கை 2016 இல் அதை உறுதிப்படுத்தியது. இதை எனக்குச் சொன்னது யூனியன்கார அக்கா ஒருத்தி, பஸ்ஸில் வைத்து. எங்கள் தொழிற்சாலையில் யூனியன் இல்லை. அதைப் பற்றி எழுதப் போனால் இது வேறு மடலாகிவிடும்.

பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், அங்கேதான் எங்களை விட்டுவிட்டுப் பஸ் போய்விடும் என்று பயப்படுகிறேன். சாய ஆலை வந்தால் கழிவு நீர்ச் சுத்திகரிப்புக்கு ஆள் வேண்டும், லாப்பில் நிறம் ஒப்பிட ஆள் வேண்டும், நீராவி அழுத்தம் பார்க்க ஆள் வேண்டும். சேர்வோ மோட்டார் பழுதானால் இப்போதும் கொழும்பிலிருந்துதான் ஆள் வர வேண்டியிருக்கிறது. இவையெல்லாம் டார்கெட் இல்லாத, தோளை உடைக்காத, வயது போனாலும் செய்யக்கூடிய வேலைகள். நாற்பது தாண்டிய ஒப்பரேட்டருக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று உங்களுக்கு விளங்குமோ தெரியாது. நாற்பதில் கண் மங்கும், வேகம் குறையும், இன்சென்டிவ் போகும். ஒருநாள் அவளாகவே நின்றுவிடுவாள். மிஞ்சி இருப்பது மத்திய கிழக்கு, இல்லாவிட்டால் கிழமைக்குக் கிழமை கட்டுகிற நுண்கடன்.

தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி இடங்களான வி.ரி.ஏ இருக்கிறது, நைட்டா இருக்கிறது. என்.வி.க்யூ என்கிற தொழில் தகைமைச் சான்றிதழ் தருகிறார்கள். நல்லதுதான். நான் ஒருமுறை விசாரித்துப் போனேன். வகுப்பு கிழமை நாளில் காலை எட்டரைக்கு. அந்த நேரத்தில் நான் கொலர் பூட்டிக்கொண்டிருப்பேன். வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் படியுங்கள் என்றார் அங்கே இருந்த ஐயா. நல்ல மனுசன்தான், ஆனால் ஆறு மாதத்துக்கு அரிசி யார் வாங்கித் தருவது? எலக்ட்ரிக்கல் பக்கம் பொம்பிளைப் பிள்ளைகள் வருவதில்லை என்றும் சொன்னார். கார்மெண்டில் மெஷினில் இருப்பது முக்கால்வாசியும் நாங்கள்தான். மெஷினால் வேலை குறையும்போது குறைவது எங்களுக்கு, சோலரால் வேலை கூடும்போது கூடுவது எங்கள் அண்ணன் தம்பிமாருக்கு. இந்தக் கணக்கை யாராவது முன்கூட்டியே போட்டுப் பார்த்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வையுங்கள். தொழிற்சாலைக்குள்ளேயே, சம்பளத்தோடு, கிழமைக்கு ஒரு அரை நாள் வையுங்கள். பதினான்கு வருடம் மெஷினோடு கிடந்து தெரிந்துகொண்டதைச் சோதித்துப் பார்த்து அதற்கும் ஒரு தராதரம் கொடுங்கள்.

பயிற்சி தமிழில் இருக்க வேண்டும். புது மெஷின் வந்த அன்று திரையில் சீன எழுத்து, புத்தகம் ஆங்கிலம், விளங்கப்படுத்த வந்தவர் சிங்களம். காத்தான்குடித் தாத்தா ஒருவ (முஸ்லிம் அக்காமாரை எங்கள் பக்கம் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம்) எங்கள் லைனில் இருக்கிறா. கட்டுநாயக்காவில் இருந்த காலத்தில் சிங்களம் பிடித்தவ. அவ சொல்லச் சொல்ல நாங்கள் முப்பது பேர் படித்தோம். அவவுக்கு அதற்கு ஒரு சதம் கூடுதலாகக் கொடுக்கவில்லை, அன்றைய டார்கெட்டும் குறையவில்லை. கையை வெட்டாமல் இருப்பதற்கான எச்சரிக்கையை மொழிபெயர்ப்பு இல்லாமல் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

என்னுடைய அப்பா வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு வைக்கோல் ஏற்றியவர். 1956 இல் தொடங்கிய ஆலை அது. சூடு மிதித்து முடிந்ததும் வயல் வயலாகப் போய் வைக்கோல் கட்டி, லொறியில் அடுக்கி, கயிறு போட்டு, அதற்கு மேலேயே படுத்துக்கொண்டு போவாராம். உடம்பெல்லாம் கடிக்குமாம். வாழைச்சேனையில் இறக்கிவிட்டு வாவியில் குளித்துவிட்டு வருவாராம். நான் பள்ளிக்கூடத்தில் எழுதின கொப்பியைத் தடவிப் பார்த்து, இது எந்த வயல் என்று கேட்டுப் பகிடி பண்ணுவார். வயலில் எரிகிறதை எடுத்துக் கொப்பியாக்குவதற்கு அந்தக் காலத்தில் யாரும் பசுமை என்று பெயர் வைக்கவில்லை. பிறகு அந்த ஆலை நின்றதும் ஓடினதும் திரும்ப நின்றதும் உங்களுக்கு என்னைவிடத் தெரியும். இன்றைக்கும் அறுவடை முடிந்தால் எங்கள் பக்கத்திலும் அம்பாறைப் பக்கத்திலும் வைக்கோல் வயலிலேயே எரிகிறது. பஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறோம். பழசைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை, வைக்கோலை அவித்த தண்ணீரை எங்கே விடுவது என்பதற்கு அந்தக் காலத்தில் யாரிடமும் நல்ல பதில் இருக்கவில்லை. இப்போது பதில் இருக்கிறது. பொலித்தீனுக்குப் பதிலாகப் பெட்டியும் தட்டும் வேண்டும் என்று உலகம் கேட்கிற நேரத்தில் அந்த நெருப்பைப் பார்க்க எனக்கு எரிச்சல் வருகிறது, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. பசுமை என்ற பெயரில் ஒரு செக்ஷனை மூடினால் அங்கே இருந்தவர்களை என்ன செய்வீர்கள் என்று முதலே கேளுங்கள். பதினைந்து பேருக்குக் குறையாத வேலைத்தலத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்து மூல சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும் என்று 1971 ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அந்தச் சம்மதத்தை எப்படி வாங்குகிறார்கள் என்றால், பின்னேரம் நாலரைக்கு, பஸ் ஸ்டார்ட் பண்ணி நிற்கும்போது, ஆங்கிலத்தில் ஒரு தாளையும் பேனையையும் நீட்டுகிறார்கள். எங்கள் வோஷிங் செக்ஷனில் பதினொரு பேர் அப்படி ஒப்பம் வைத்தார்கள். மறுநாள் யாரோ வாசித்துச் சொன்னபோதுதான் தாங்களாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்தது தெரிந்தது. தண்ணீரை மிச்சம் பிடிக்கிற புது மெஷின் வந்த கிழமை அது.

சம்பளத்தைப் பற்றி நீட்டவில்லை. ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும் 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் ஏறியது. ஏற்றியதற்கு நன்றி. தேங்காய் விலை உங்கள் வீட்டிலும் தெரியும்.

குழுக் கூட்டத்தில் எங்கள் ஆட்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், ஒருவர் லைனிலிருந்து, ஒருவர் விறகுப் பக்கத்திலிருந்து. கூட்டம் கிழமை நாளில்தான் நடக்கும், தெரியும். எனக்கு ஒரு நாள் லீவு போகும், அந்த மாத அட்டென்டன்ஸ் காசும் சேர்ந்து போகும். அது பரவாயில்லை. அழைப்புக் கடிதத்தைத் தமிழில், இரண்டு கிழமைக்கு முன்னால் அனுப்புங்கள். கொலர் மெஷினுக்கு மாற்று ஆள் பழக்கி விட அவ்வளவு நாள் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மெஷின் ஒப்பரேட்டர்,
ஏறாவூர்ப்பற்று.